கிழிந்த இசைத்தாள்களும் ஸ்டீபன் ஃபாஸ்டரின் கணக்கும்

தொகுதியைக் கையில் எடுத்ததுமே உள்ளங்கை முழுக்கச் செங்கல் நிறப் பொடி ஒட்டிக்கொண்டது. அட்டையின் தோல் காலத்தால் மக்கி, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. முதுகுப் பகுதி பாதிக்கு மேல் போய்விட்டது. உள்ளே 34 பாடல்களின் அச்சிட்ட இசைத்தாள்கள். எல்லாம் 1840-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் அச்சானவை. பிட்ஸ்பர்க்கில் நான் குடியிருக்கும் பகுதியில், முதியவர் ஒருவர் இறந்தபின் வீட்டைக் காலி செய்யும் விற்பனை நடந்தது. பழைய சமையல் புத்தகங்களோடு ஒரே பெட்டியில் கிடந்த இதை 20 டாலருக்கு வாங்கி வந்தேன்.

அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பங்களில் பியானோ கற்கும் பெண்கள் கடையில் பாடல்களைத் தனித்தாளாக வாங்குவார்கள். முப்பது நாற்பது சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுத்து ஒரே தொகுதியாகத் தைத்துக்கொள்வார்கள். அட்டையில் தங்க எழுத்தில் அவரவர் பெயர் இருக்கும். இதிலும் ஒரு பெண்ணின் பெயர் பாதி அழிந்த நிலையில் இருக்கிறது. அவர் யார் என்று தேடிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் எந்தப் பாட்டை அதிகம் வாசித்தார் என்பது இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

34 பாடல்களில் ஆறு ஸ்டீபன் ஃபாஸ்டருடையவை. அந்த ஆறுக்காகத்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். ஃபாஸ்டர் இந்த ஊர்க்காரர். இப்போது நகரத்துக்குள் அடங்கிவிட்ட லாரன்ஸ்வில் பகுதியில் 1826 ஜூலை 4 அன்று பிறந்தார். பாட்டு எழுதி, அது அச்சாகி விற்பதில் வரும் வருமானத்தையே நம்பி வாழ முயன்ற முதல் அமெரிக்கர்களில் ஒருவர். அவருக்கு முன்பும் பாட்டுக் கட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடகர், ஆசிரியர், தேவாலய இசைஞர் என்று வேறொரு தொழில் இருந்தது. ஃபாஸ்டர் மேடையேறிப் பிழைத்தவர் அல்லர். அவருக்கு இருந்தது காகிதம் மட்டும்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒலிப்பதிவுக் கருவி வந்தது 1877-ல். ஃபாஸ்டர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. மேடையில் ஒரு பாட்டைப் பாடினால் அதை இயற்றியவருக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1897-ல்தான் வந்தது. ஊரெல்லாம் அவர் பாட்டைப் பாடினாலும், நாடகக் கொட்டகை நிரம்பி வழிந்தாலும், அதில் அவருக்கு ஒன்றும் கிடையாது. கடையில் ஒரு தாள் விற்றால் மட்டுமே காசு. 1849-ல் நியூயார்க்கின் ஃபர்த், பாண்ட் என்ற இசைப் பதிப்பு நிறுவனத்தோடு அவர் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, தொடக்கச் செலவு போக ஒரு பிரதிக்கு இரண்டு சென்ட். என் மேசையில் விரிந்து கிடந்த அவருடைய தாள்களில் பெரும்பாலானவை எப்போதோ அவருக்குச் சில சென்ட் கொடுத்தவை. அதை நினைத்துக்கொண்டே வேலை செய்தேன்.

பிரித்தல்

என் அப்பா மதுரையில் முப்பது ஆண்டுகள் பைண்டிங் கடை வைத்திருந்தார். கணக்குப் பேரேடு, கல்லூரி ஆய்வேடு, கோயில் ரசீதுக் கட்டு எல்லாம் அவர் கையால் தைத்தவை. சிறுவயதில் அங்கே உட்கார்ந்து தாள் மடித்த பழக்கம் இப்போது உதவியது. பழந்தாள் செப்பனிடுவது வேறு கலை என்பதால் அதற்கென்று ஒரு பயிற்சி வகுப்புக்கும் இரண்டு குளிர்காலம் போய் வந்தேன்.

பிரிக்கும் முன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படம் எடுத்து, மூலையில் மெல்லிய பென்சிலால் வரிசை எண் போட்டேன். இதில் சோம்பல் கூடாது. தாள்கள் பிரிந்தபின் எது எதோடு இருந்தது என்று நினைவை நம்புவது ஆபத்து.

முதுகில் வச்சிரப் பசை கல்லாக இறுகியிருந்தது. சுரண்டினால் தாளும் கூடவே வரும். கெட்டியாகக் காய்ச்சிய கோதுமைக் கஞ்சியை முதுகு நெடுக அரை விரல் கனத்துக்குப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு நாற்பது நிமிடம் விட்டேன். ஈரம் மெதுவாக உள்ளே இறங்கி வச்சிரத்தை இளக்கியது. பிறகு மழுங்கிய கத்தியால் வழித்தபோது பழுப்புக் களியாகத் திரண்டு வந்தது. மாட்டுக் குளம்பைச் சுட்ட வாடை வீடெங்கும் பரவியது. ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

அடியில் தையல் தெரிந்தது. பழைய பைண்டர் மடிப்பின் வழியே தைக்கவில்லை. தனித்தனித் தாள்கள் என்பதால் ஓரத்தில் குத்தி, பக்கவாட்டில் இறுக்கித் தைத்திருக்கிறார். அதனால்தான் தொகுதியை முழுதாக விரிக்க முடியாமல் இடது ஓரத்துச் சுரங்கள் மடிப்புக்குள் மறைந்து கிடந்தன. பியானோ மேல் வைத்துப் பக்கத்தை விரிக்க ஒவ்வொரு முறையும் அழுத்தியிருப்பார்கள். அந்த அழுத்தத்தில்தான் முதுகு உடைந்திருக்கிறது. நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

விரல் நுனியில் ஒரு தகடு

பிரித்தெடுத்த தாளை ஜன்னலருகே சாய்த்துப் பிடித்தபோதுதான் இதைப் பார்த்தேன். இசை அச்சான பகுதியைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு மெல்லிய பள்ளம். கண்ணை மூடி விரலால் தடவினால் அதன் விளிம்பு தட்டுப்படுகிறது. உலோகத் தகடு அழுந்திய தடம் அது.

அந்நாளைய இசைத்தாள் அச்சு முழுக்கக் கைவேலை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான தகட்டில், ஐந்து பல் கொண்ட கருவியால் ஒரே இழுப்பில் ஐந்து கோடுகளைக் கீறுவார்கள். பிறகு சுரத்தின் தலை, சாவிக் குறி, ஓய்வுக் குறி, பாட்டின் எழுத்து என ஒவ்வொன்றுக்கும் உள்ள எஃகு அச்சாணியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவது போல அடிக்க வேண்டும். சுரத்தின் தண்டையும் இணைப்பு வளைவையும் கையால் செதுக்குவார்கள். தகட்டில் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அழுத்தினால் பள்ளத்தில் நின்ற மை தாளில் ஏறும். அதனால்தான் சுரங்கள் இன்றும் மிக மெல்லிய மேடாக நிற்கின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு வரியில் ஒரு சுரத்தின் தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு தொழிலாளியின் சுத்தியல் அந்த ஒரு தட்டில் இம்மியளவு விலகியிருக்கிறது.

தகடு மென்மையானது என்பதால் பல ஆயிரம் பிரதி அடித்தால் தேயும். என்னிடம் உள்ள ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ பிரதியில் கோடுகள் சில இடங்களில் மங்கி, ஒரு இடத்தில் விட்டுப்போயும் இருக்கின்றன. நன்றாக விற்ற பாட்டின் தகடு அது. அச்சே அதைச் சொல்கிறது.

அட்டையில் வேறொருவர் பெயர்

அந்தப் பாட்டின் முகப்புத் தாளைத் துடைக்கும்போது கொஞ்சம் நேரம் கை ஓடவில்லை. 1851-ல் வந்த அந்தத் தாளில் எழுதி இசையமைத்தவர் என்று அச்சாகியிருக்கும் பெயர் ஈ.பி. கிறிஸ்டி. ஃபாஸ்டரின் பெயர் எங்கும் இல்லை.

கிறிஸ்டி, முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைப் போல நடித்துப் பாடும் வெள்ளையர் குழு ஒன்றின் தலைவர். அன்றைய அமெரிக்காவில் பாட்டைப் பரப்ப அந்த மேடையை விட்டால் வேறு வழி குறைவு. ஃபாஸ்டர் தன் பாட்டுகளை அச்சுக்கு வருமுன்பே கிறிஸ்டிக்கு அனுப்பி, முதலில் பாடும் வாய்ப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டார். இந்தப் பாட்டுக்கு மட்டும், சிறு தொகைக்குப் பெயரையும் கொடுத்துவிட்டார். அத்தகைய பாட்டு எழுதுகிறவர் என்று தெரிந்தால் மதிப்பான குடும்பங்களில் தன் மற்றப் பாடல்களுக்கு இடம் இருக்காது என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. 1852 மே 25 அன்று கிறிஸ்டிக்கு ஒரு கடிதம் எழுதினார்: இனி அச்சமோ வெட்கமோ இன்றி இந்தத் துறையில் என் பெயரிலேயே இயங்க முடிவு செய்திருக்கிறேன், அந்தப் பாட்டில் என் பெயரைப் போட அனுமதியுங்கள் என்பது அதன் சாரம். கிறிஸ்டி மறுத்துவிட்டார். 28 ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் முடிந்து 1879-ல் உரிமையைப் புதுப்பித்தபோதுதான் தாளில் ஃபாஸ்டரின் பெயர் ஏறியது. அதற்குள் அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ராயல்டி மட்டும் அவருக்கே வந்தது. பெயரைக் கொடுத்தாலும் வருமானத்தைக் கொடுக்காத அளவுக்கு அவருக்குக் கணக்குத் தெரியும். 1846 முதல் நான்கு ஆண்டுகள் சின்சினாட்டியில் அண்ணனின் நீராவிப் படகு நிறுவனத்தில் கணக்கெழுதியவர் அவர். அந்தக் காலத்தில் எழுதியதுதான் ‘ஓ! சுசானா’. 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்க்கின் ஒரு ஐஸ்கிரீம் கடை மேடையில் முதன்முதலாகப் பாடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பதினைந்துக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் அதை அச்சிட்டு விற்றார்கள். ஃபாஸ்டருக்குக் கிடைத்தது நூறு டாலர். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பிரதிக்கு இத்தனை சென்ட் என்று ஒப்பந்தம் போடும் பழக்கத்துக்கு வந்தார்.

‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ ஃபுளோரிடாவின் சுவானி ஆற்றைப் பாடுகிறது. அந்த ஆற்றை அவர் பார்த்ததே இல்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உள்ள ஃபாஸ்டர் நினைவகத்தில் அவருடைய கையெழுத்துக் குறிப்பேடு இருக்கிறது. அதில் முதலில் பீ டீ என்ற வேறோர் ஆற்றின் பெயரை எழுதி, அடித்துவிட்டு, மேலே சுவானி என்று எழுதியிருக்கிறார். சுரத்துக்குப் பொருந்தும் ஓசை வரும்வரை ஆறுகளை மாற்றிப் பார்த்திருக்கிறார். எனக்கு அந்த அடித்தல் மிகவும் பிடிக்கும். ஊற்றெடுத்துப் பாய்ந்த கவிதை என்று எல்லாரும் நினைக்கும் வரியின் அடியில், மேசை முன் அமர்ந்து சொல் பொறுக்கும் தொழிலாளி தெரிகிறார்.

கழுவலும் பசையும்

துடைப்பது முதல் வேலை. புகைக்கரி நீக்கப் பயன்படும் ரப்பர் பஞ்சைச் சிறு துண்டுகளாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் மெதுவாக ஒற்றி இழுக்க வேண்டும். பஞ்சு கறுத்ததும் மறுபுறம். ஒரு தாளுக்கு அரை மணி நேரம். ஓரத்தில் முன்னும் பின்னும் தேய்த்தால் கிழிசல் நீளும்.

அடுத்து, நீரில் நனைக்கலாமா என்ற சோதனை. அச்சு மை எண்ணெய் கலந்தது. நீர் அதை ஒன்றும் செய்யாது. சோதனை தேவைப்பட்டது மற்றவற்றுக்கு. ஈரப் பஞ்சை ஒரு நொடி ஒற்றி எடுத்ததில், வண்ணம் தீட்டிய முகப்பு ஒன்று இளஞ்சிவப்பைக் கக்கியது. இன்னொன்றில் உரிமையாளர் பேனாவால் எழுதிய பெயர் பழுப்பாகக் கசிந்தது. அந்த இரண்டையும் நீர்ப்பக்கம் கொண்டுபோகவே இல்லை.

மற்றவற்றை, நெய்யாத பாலியெஸ்டர் துணியின் மேல் கிடத்தி, சிறிது சுண்ணாம்புச் சத்து சேர்த்த வடிகட்டிய நீரில் இறக்கினேன். பத்து நிமிடத்தில் தட்டிலிருந்த நீர் நீர்த்த தேநீர் நிறத்துக்கு வந்தது. நீரை மாற்றினேன். மூன்றாவது முறை நீர் தெளிவாக நின்றது. வெளியே எடுத்தபோது தாள் தொய்ந்து போகவில்லை. ஈரத் துணியைப் போலத் திடமாக இருந்தது. பருத்தி, லினன் கந்தலை அரைத்துச் செய்த தாள் அது. அதே பெட்டியில் 1890-களின் இசைத்தாள் இரண்டு இருந்தன. மரக்கூழ்த் தாள் என்பதால் மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கின. நாற்பது ஆண்டு மூத்த தாள் வலுவாக இருக்க, இளையது பொடியாவதைப் பார்ப்பது வியப்பாகத்தான் இருந்தது. பழுப்புப் புள்ளிகள் முழுதாகப் போகவில்லை. வெளுக்கும் மருந்து போட்டால் போகும், கூடவே தாளின் உயிரும் போகும். அப்படியே விட்டுவிட்டேன்.

பசை காய்ச்சும்போது அப்பாவை அழைத்தேன். மதுரையில் அப்போது காலை ஆறு மணி.

“மைதாவா?” என்றார்.

“இல்லையப்பா, கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த மாச்சத்து மட்டும். புரதம் இருக்கக் கூடாது.”

“மயில்துத்தம் போடாமல் விட்டால் பூச்சி அரிக்குமே?”

கடையில் பசைச் சட்டியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது அப்பாவின் கட்டாய வழக்கம். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் அந்தச் செப்பு உப்பு காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி உடைக்கும் என்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்படியானால் நான் தைத்த பேரேடுகள் எல்லாம் இப்போது எப்படி இருக்கின்றனவோ” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. “கட்டி தட்டாமல் காய்ச்சு. விடாமல் கிண்டு. கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கு” என்று சொல்லி வைத்தார். அவர் சொன்னது அப்படியே சரி. ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு நீர், சிறு தீயில் இருபத்தைந்து நிமிடம், ஆறியபின் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, பிறகு நீர்விட்டுப் பால் ஏடு பதத்துக்குக் கொண்டுவந்தேன்.

முதல் கிழிசலில் தவறினேன். பசை இன்னும் கெட்டியாக இருந்தபோதே பொறுமையில்லாமல் ஒட்டிவிட்டேன். மறுநாள் எடைக்கல்லை எடுத்துப் பார்த்தால் ஒட்டின இடம் சுருங்கி, சுற்றிலும் தாள் கதிர் கதிராக இழுபட்டிருந்தது. ஈரத்தால் இளக்கி, ஒட்டை உரித்து, மறுபடி பத்திரமாகக் காயவைத்து, மறுபடி ஒட்ட மூன்று நாள் ஆனது. மாவுப்பசை என்பதால் திருத்த முடிந்தது. வேறு கோந்தாக இருந்திருந்தால் அந்தச் சுருக்கம் நிரந்தரமாகியிருக்கும்.

ஒட்டுத்தாள் ஜப்பானின் கோசோ மரப்பட்டை நாரிலிருந்து செய்தது; வெங்காயச் சருகு போல இருக்கும். அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. கிழிசலின் வடிவத்தில் ஈரத் தூரிகையால் கோடிட்டு, இரு பக்கமும் மெல்ல இழுத்தால் ஓரத்தில் நார்கள் மயிர்க்கால் போல நீட்டி நிற்கும். அந்த நார்கள்தான் பழைய தாளோடு பின்னிப் பிடிக்கின்றன. பசை தடவி, இடுக்கியால் எடுத்து வைத்து, உலர்ந்த தூரிகையால் தட்டி, பாலியெஸ்டர் துணி, மையொற்றுத் தாள், கண்ணாடிப் பலகை, எடை என்று அடுக்கிவிட்டால் இரவு முழுக்கக் காயும்.

அதிக நாள் வாங்கியது ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’. 1853-ல் வந்தது. அடிமைகள் உழைத்த பெருந்தோட்டங்களைப் பாடும் ‘ஃபாஸ்டரின் தோட்டப் பாடல்கள்’ வரிசையில் 20-ம் எண். இதில் அவர் பெயர் வரிசையின் தலைப்பிலேயே பெரிதாக நிற்கிறது. இரண்டே ஆண்டில் நிலைமை அவ்வளவு மாறியிருக்கிறது. நடு மடிப்பு முழுக்கக் கிழிந்து, பிற்காலத்தில் யாரோ ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார்கள். நாடா காய்ந்து உதிர்ந்துவிட்டது. அதன் பிசின் மட்டும் தாளுக்குள் இறங்கி, தேன் நிறப் பட்டையாகப் படிந்திருந்தது. மேலே இருந்த பிசுக்கைச் சூடேற்றிய சிறு தகட்டாலும் கச்சா ரப்பர் துண்டாலும் உருட்டி உருட்டி எடுத்தேன். நிறம் போகவில்லை. கரைப்பான் பயன்படுத்தினால் போகலாம். அதற்கான புகைபோக்கி என் வீட்டில் இல்லை என்பதால் அந்த எண்ணத்தை விட்டேன்.

வலது கீழ் மூலை

ஆறு பாடல்களும் சுத்தமாகி மேசையில் வரிசையாகக் காய்ந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பக்கம் புரட்டும் இடம், அதாவது வலது கீழ் மூலை, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ‘ஓல்ட் ஃபோக்ஸ் அட் ஹோம்’ தாளில் அந்த மூலையே இல்லை. கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்து போய்விட்டது. ‘கென்டக்கி ஹோம்’, ‘ஓல்ட் டாக் ட்ரே’ இரண்டிலும் மூலை கறுத்து, துணிபோலத் துவண்டிருந்தது. ‘எலன் பேன்’ பரவாயில்லை. ‘ஜீனி வித் த லைட் பிரவுன் ஹேர்’ தாளின் மூலை இன்றும் கூர்மையாக, கடையில் வாங்கி வந்த நாளில் இருந்தது போல இருந்தது.

1857 சனவரியில் ஃபாஸ்டர் பணமுடையில் இருந்தார். தன் ஒவ்வொரு பாட்டும் அதுவரை எவ்வளவு சம்பாதித்தது, இனி எவ்வளவு சம்பாதிக்கும் என்று கையால் ஒரு பட்டியல் போட்டார். அது இன்றும் இருக்கிறது. ‘ஓல்ட் ஃபோக்ஸ்’ 1,647 டாலர். ‘கென்டக்கி ஹோம்’ 1,372. ‘ஓல்ட் டாக் ட்ரே’ 1,080. ‘எலன் பேன்’ 623. ‘ஜீனி’ வெறும் 217.

பட்டியலை எடுத்து மேசையில் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூலைகளின் தேய்வும் தொகைகளும் ஒரே வரிசையில் இறங்கின. ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு பெண் வாசித்த தொகுதி இது. இதை வைத்து நாட்டின் ரசனையைச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனாலும் அந்தக் கட்டைவிரலும் அந்தக் கணக்குப் புத்தகமும் ஒன்றையே சொன்னதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தப் பட்டியலின் முடிவு வேதனையானது. வருங்கால வருமானம் ஏறத்தாழ 2,800 டாலர் வரும் என்று அவரே மதிப்பிட்டார். பிறகு எல்லாப் பாடல்களின் வருங்கால உரிமையையும் சுமார் 1,900 டாலருக்குப் பதிப்பாளரிடம் விற்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க அவர் ராயல்டியாக ஈட்டியது சுமார் 15,000 டாலர். பிரிட்டனில் அவர் பாடல்கள் தாராளமாக அச்சாயின. இரு நாடுகளுக்கும் இடையே பதிப்புரிமை உடன்பாடு இல்லாததால் அங்கிருந்து எதுவும் வரவில்லை. 217 டாலர் மட்டும் தந்த ‘ஜீனி’ 1941-ல் அமெரிக்க வானொலியில் ஓயாமல் ஒலித்தது. பாடலாசிரியர் சங்கத்தோடு வானொலி நிலையங்களுக்குத் தகராறு வந்து, உரிமை காலாவதியான பாடல்களையே போட வேண்டியிருந்ததுதான் காரணம். இலவசம் என்பதாலேயே அந்தப் பாட்டுக்கு அவ்வளவு பெரிய மறுவாழ்வு வந்தது.

1860-ல் ஃபாஸ்டர் நியூயார்க்குக்குப் போனார். அதன்பின் பிரதிக்கு இவ்வளவு என்ற பேச்சு மெல்ல மறைந்தது. பாட்டை எழுதியதும் கையில் கிடைத்த காசுக்கு மொத்தமாக விற்றார். குடும்பம் பிரிந்தது, குடி கூடியது. 1863-ல் மட்டும் ஏறக்குறைய ஐம்பது பாடல்கள் எழுதியிருக்கிறார். 1864 சனவரி 13 அன்று பெல்வியூ மருத்துவமனையில் இறந்தபோது வயது 37. பணப்பையில் 38 சென்ட் இருந்தது. கூடவே “அன்பு நண்பர்களே, கனிந்த நெஞ்சங்களே” என்று பென்சிலால் எழுதிய சிறு தாள். ஒரு பாட்டின் முதல் வரியாக இருக்கலாம். அந்தப் பணப்பை இங்கே நினைவகத்தில் இருக்கிறது.

செப்பனிடக் கூடாது என்று நினைத்த தாள்

ஆறாவது தாளை மட்டும் ஒட்டாமல் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தேன். ‘ஓ! சுசானா’. எல்லாரும் பாடும் முதல் அடிக்குப் பிறகு, அச்சில் வரும் இரண்டாம் அடியில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லோடு அவர்கள் கூட்டமாகச் சாவதை வேடிக்கையாகச் சொல்லும் வரி இருக்கிறது. இன்றைய பாட்டுப் புத்தகங்களில் அது கிடையாது. தாளில் இருக்கிறது, அழகான எழுத்துருவில், கவனமாகச் செதுக்கப்பட்டு.

கிழிசல் சரியாக அந்த வரியின் குறுக்கே ஓடியது. அதை ஒட்டுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சாதிச் சொல்லை வேடிக்கையாக்கிய பாட்டுகளை நம் ஊரிலும் கேட்டு வளர்ந்தவன் நான். அது யார் நெஞ்சில் போய்க் குத்தும் என்பது எனக்குத் தெரியும்.

ஃபாஸ்டரே அந்த இடத்தில் நிற்கவில்லை என்பதும் உண்மை. 1849-ல் ஒரு அடிமையின் இறந்த மனைவியைச் ‘சீமாட்டி’ என்று அழைத்துப் பாட்டு எழுதினார். அன்றைய மேடையில் அது புதிது. ‘கென்டக்கி ஹோம்’ அடிமை முறையை எதிர்த்த ஒரு நாவலின் தாக்கத்தில் பிறந்தது. அடிமையாகப் பிறந்து விடுதலைப் போராளியான ஃபிரெடரிக் டக்ளஸ், அந்தப் பாட்டு அடிமைகளின்பால் இரக்கத்தை எழுப்புகிறது என்று 1855-ல் எழுதினார். ஆனாலும் அவை கரி பூசிய முகத்தோடு பாடப்பட்டவை. இந்த ஊர்ப் பூங்காவில் 1900-லிருந்து நின்ற ஃபாஸ்டர் சிலையில், அவர் காலடியில் ஒரு கறுப்பினத்தவர் பாஞ்சோ வாசித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நெடுங்கால எதிர்ப்புக்குப் பின் 2018 ஏப்ரலில் அதை அகற்றினார்கள். அகற்றியது சரி என்றே நினைக்கிறேன். சிலை நின்றால் அது வணக்கம் ஆகிவிடுகிறது.

தாள் அப்படி அல்ல. இந்த வரியை ஒருவர் எழுதினார், ஒருவர் செதுக்கினார், ஒரு பெண் தன் வரவேற்பறையில் வைத்துப் பாடினார். அது நடந்தது என்பதற்கு இந்தத் தாள்தான் சான்று. எனவே ஒட்டினேன். எழுத்து ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் சேரும்படி, மற்ற எல்லாக் கிழிசலையும்விட நிதானமாக ஒட்டினேன்.

மறுபடி தைக்க மனம் வரவில்லை. ஓரத்தில் குத்தித் தைத்தால் பழைய வியாதி திரும்பும். அமிலமில்லாத உறைகளில் ஒவ்வொரு பாடலையும் தனியாக வைத்து, தொகுதியில் இருந்த வரிசை எண்ணை மேலே எழுதி, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கினேன். உதிர்ந்த தோல் அட்டையையும் பெயர் தெரியும் பக்கம் மேலே வருமாறு சுற்றி உள்ளே வைத்தேன். ‘ஓல்ட் ஃபோக்ஸ்’ தாளின் தேய்ந்த மூலையை மட்டும் நிரப்பவில்லை. ஓரம் மேலும் பிரியாதபடி ஒரு நூலிழை அகலத்துக்குக் கோசோ நாரைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அதன் முகப்பில் கிறிஸ்டியின் பெயர் இருந்தபடியே இருக்கிறது. உறையின் மேல் மட்டும் 2பி பென்சிலால் எழுதினேன்: பாட்டும் இசையும் ஸ்டீபன் ஃபாஸ்டர், பிட்ஸ்பர்க், 1851. மீதி 28 பாடல்கள் இன்னும் அட்டைப்பெட்டியில் காத்திருக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பசை நான்கு நாளுக்குமேல் தாங்காது. நாளை மாலை புதிதாகக் காய்ச்ச வேண்டும்.